நிழலுக்கு மாலையா?



ஞாயிற்றுக்கிழமை மாலையில் தம்போய்ப் பகுதித் தமிழர் பலர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் புறப்படுகின்றனர். அண்மையிலுள்ள டங்கா பே கரைக்குப் போவோர் பலர். வண்டி வசதியுடையோர் மேற்குக் கரையிலுள்ள பொந்தியான் வரை செல்வதும் உண்டு. வாரம் முழுதும் உழைத்தவர் ஒருநாள் உப்புக்காற்று வாங்குவது நன்றே. அதனை யாரும் குறை கூறார். ஆயின், அங்குச் சென்றவர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றி நாம் சில சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கதிரவன் சாயும் வேளையில், செவ்வானத்தைப் பின்னே வைத்து, மனைவி மக்களையும் பெற்றோரையும் வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கின்றனர். வானம் பொன்னாய் உருகுகிறது. கடல் செம்பாய் மின்னுகிறது. நடுவே நிற்கும் மனிதர் மட்டும் கரிக்கட்டைகளாய்த் தோன்றுகின்றனர். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. இவர் இன்னார் தாய், இவர் இன்னார் மகள் என்று அறிதற்கு வழியில்லை. இதற்குக் ‘கலை’ என்று பெயர் சூட்டி, கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டுகின்றனர். திருமணத்துக்கு முன் மணமக்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று எடுக்கும் படங்களில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தாலி இல்லாமல் திருமணம் நடந்தாலும் நடக்கும். நிழலுருப் படம் இல்லாமல் ஆல்பம் முடியாது போலும்!

இவ்வழக்கம் நம்மவர்க்கு ஆகாது என்பதே நம் கட்சி. ஏன் ஆகாது என்பதைக் காரணங்காட்டி விளக்குவோம். படிப்போர் கோபத்தைச் சற்றே ஒத்திவைத்துச் சிந்திப்பாராக.

முதற்கண் இதன் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கில வழியிற் படித்த நம்மைப் போன்றோர் இவ்வகைப் படத்தைச் ‘சிலுவெட்’ என்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். எத்தியேன் தெ சிலுவெட் என்பார் 1759-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் நிதியமைச்சராயிருந்தார். சிக்கனம் சிக்கனம் என்று கெடுபிடி செய்த அவர் ஓராண்டு நிரம்புமுன் பதவி இழந்தார். மலிவான பொருள்களுக்கு மக்கள் அவர் பெயரை இட்டு நகைத்தனர். ஓவியரிடம் உருவம் எழுதுவிக்கப் பொருளில்லாதார், முகத்தின் பக்கத்தோற்றத்தைக் கறுப்புத் தாளில் வெட்டுவித்து வைத்துக்கொண்டனர். அதற்கும் அப்பெயரே நிலைத்தது. 1839-இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் தாள்வெட்டு மெல்ல ஒதுங்கியது. எளியவர் முகமும் துலங்கும் காலம் வந்தபின் வெட்டுத்தாள் யாருக்கு வேண்டும்?

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அத்தாள்வெட்டுப் படத்திலும் நெற்றியின் சரிவும் மூக்கின் வளைவும் மோவாயின் முனையும் தெளிவாயிருந்தன. பலவற்றின் அடியில் பெயரும் எழுதப்பெற்றது. வறுமையால் நிழலைக் கைக்கொண்டவர் அந்நிழலிலும் ஆளைத் தேடினர். நாமோ பெரும்பொருள் செலவிட்டு, முகத்தைத் துலக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே, முகத்தைத் தொலைக்கிறோம்.

படம் இருண்டுபோவது எதனால்? கதிரவன் ஆளின் முதுகுப்புறம் நிற்கிறான். வானத்தின் ஒளி முகத்தின் ஒளியினும் பன்மடங்கு மிகுதி. கருவிக்கு இவர் தாய், அது வானம் என்ற வேறுபாடு தெரியாது. மிகுந்த ஒளியைக் கணக்கிட்டு, அது கண்ணைப் பறிக்காதபடி தன் வாயிலைச் சுருக்கிக்கொள்கிறது. அப்போது வானம் அழகாய் விழுகிறது; முகம் இருளில் அமிழ்கிறது. சுருங்கச் சொன்னால், ஒரு படத்தில் வானத்துக்கு இடங்கொடுப்பதா, மனிதனுக்கு இடங்கொடுப்பதா என்ற தீர்ப்பு அந்த ஒரு நொடியில் நிகழ்கிறது. தீர்ப்பு வானத்தின் பக்கம் போகிறது. அறியாமல் போனால் அது கைப்பிழை, மன்னிக்கலாம். அறிந்தே, கேட்டு வாங்கி, கூலி கொடுத்து அத்தீர்ப்பைப் பெறுவோரைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

அறிந்தே கேட்பானேன்? இங்கேதான் எவரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று ஒளிந்து கிடக்கிறது. அதைச் சந்திக்கு இழுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணவீட்டுக்குப் புகைப்படக்காரர் வருகிறார். மணமகளை ஏற இறங்கப் பார்க்கிறார். “இந்த நிறத்துக்குச் சூரியன் மறையும் நேரத்துப் படந்தான் எடுபடும், அம்மா!” என்கிறார். பெண்ணின் தாய் தலையசைக்கிறாள். பெண் தலை கவிழ்கிறாள். இச்சொல்லை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் நம் காதாலேயே கேட்டிருக்கிறோம். இதன் பொருள் என்ன? மாநிறமானவளுக்கு மாவு பூசி வெளுப்பிக்கலாம். உன் நிறத்துக்கு மாவும் பயன்படாது. ஆகையால் உன் முகத்தையே எடுத்துவிடுகிறோம் என்பதன்றோ? ஒரு பெண்ணின் வாழ்நாளில் அவளை நடுநாயகமாக வைக்கும் நாள் அது. அந்நாளில் அவளுக்கு வழங்கும் சீதனம், முகமில்லாத ஒரு கறுப்பு வடிவம்! இதனினும் பெரிய அவமதிப்பைப் பட்டுச்சேலையில் பொதிந்து கொடுத்தல் இயலாது.

துரைமார் போய்விட்டனர், அவர்கள் விட்டுச்சென்ற பழக்கம் இது என்று சிலர் பழியை அங்கே சுமத்துவர். நாம் அதற்கு உடன்படோம். வெள்ளைத் தோலுக்கு அதிகாரம் இருந்த காலம் நம் புத்தியைக் கெடுத்தது மெய்யே. ஆயின், “சிவந்த பெண் வேண்டும்” என்று மணப்பெண் தேடும் விளம்பரம் எழுதுவது எந்தத் துரையின் கை? “கறுப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள்” என்று பாராட்டிலும் நஞ்சு வைப்பது எந்தத் துரையின் நா? கரிய மாயோனுக்கும் காளிக்கும் கோயில் எடுத்து, பாலும் தயிரும் கொட்டுகிறோம். அதே நிறத்தில் ஒரு மகள் பிறந்தால் மஞ்சளையும் களிம்பையும் தேடி ஓடுகிறோம். கல்லின் கருமைக்குக் கற்பூரம். கன்னியின் கருமைக்குத் திரை. இதுவா நம் பக்தி? இதுவா நம் பகுத்தறிவு?

கருவியே அப்படித்தான், நாம் என் செய்வோம் என்பாரும் உளர். கருவியின் மேலும் குற்றம் இருந்தது. அதை மறைக்க வேண்டுவதில்லை. வண்ணப்படச் சுருள்கள் பெருகிய காலத்தில், அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க ஓர் அட்டை வைத்திருந்தனர். கொடாக் நிறுவனத்தார் அனுப்பிய அவ்வட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கரிய முகம் சேறாய் அப்பிக்கொண்டால் அது கரிய முகத்தின் விதி! இவ்வரலாற்றை லோர்னா ரோத் என்னும் ஆய்வாளர் 2009-இல் விரிவாக எழுதினார். அடர்ந்த பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் முறையிட்ட பிறகே நிலைமை திருந்தத் தொடங்கியது என்று அந்நிறுவனத்தில் இருந்தோரே அவரிடம் கூறினராம். மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த நீதி மனிதத் தோலுக்கு அதன் பின்னரே கிடைத்தது.

ஆயின் அக்காலம் கழிந்தது. இன்று கைப்பேசிகளே அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, வெளிச்சத்தையும் இருளையும் சேர்த்து ஒன்றாக்கித் தருகின்றன. கரிய தோலும் உள்ளவாறே விழ வேண்டும் என்பதற்காக, 2021-இல் வந்த பிக்சல் 6 என்னும் கைப்பேசியில் கூகிள் நிறுவனத்தார் தனியே ஒரு முறையை அமைத்தனர். அதற்கு நெடுங்காலம் முன்னரே, மட்டக்களப்பை அடுத்துப் பிறந்த தமிழர் பாலு மகேந்திரா, இயற்கை ஒளியை நம்பித் திரைப்படம் எடுத்து, மாவுப் பூச்சில்லாத முகத்துக்கும் திரையில் மதிப்பு உண்டென்று காட்டினார். அவர் ஒளிப்பதிவுக்கு 1977-இல் வந்த ‘கோகிலா’வும் 1982-இல் வந்த ‘மூன்றாம் பிறை’யும் தேசிய விருது பெற்றுத் தந்தன. கருவி திருந்திவிட்டது, கலைஞர் வழிகாட்டிவிட்டனர். திருந்தாமல் இருப்பது நம் மனம் ஒன்றே.

இனி மற்றொரு காரணத்துக்கு வருவோம். ஏனைய நாட்டார் இவ்வாறு படமெடுத்து விளையாடலாம். அவர்கள் வீட்டில் பாட்டன் முப்பாட்டன் முகங்கள் சுவரில் தொங்குகின்றன. ஒரு படத்தில் முகம் மறைந்தால் அவர்க்கு நட்டம் சிறிது. நம் நிலை அத்தகையதா? இந்நாட்டுத் தோட்டத் தமிழர் வரலாறு முகம் இழந்தோர் வரலாறு.

எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் ஆங்கில ஆட்சியார் 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்று எட்டுத் தொகுதிகள் படங்களோடு வெளியிட்டனர். மனிதரைச் சாதியாகவும் குலமாகவும் வகைப்படுத்திக் காட்டுவதே அதன் வேலை. சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய லாம்பர்ட் படக்கூடத்தார் இவ்வட்டாரத்து மக்களைப் பிடித்த படங்களை விற்றனர். நம்மவரும் அவற்றில் உண்டு. அத்தகைய படங்களின் அடியில் பெரும்பாலும் இனப்பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது. பூச்சியையும் செடியையும் வகைப்படுத்துவார் போல நம்மை வகைப்படுத்தினர். முகம் விழுந்தது, பெயர் விழவில்லை.

பெயர் விழுந்த இடத்தில் முகம் விழவில்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் நம் முன்னோர் பெயர் உண்டு. பெரட்டுக் களத்தில் விடியுமுன் அப்பெயரைக் கூப்பிட்டனர். பெயருக்கு எதிரே வேலைநாளும் கூலியும் எழுதினர். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அப்புத்தகத்தின் இலட்சணம் நன்கு தெரியும். அதில் ஒருவன் எத்தனை நாள் மரம் வெட்டினான் என்பது இருக்கும். அவன் சிரித்தால் எப்படியிருப்பான் என்பது இராது. 1938-இல் இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தும் வரை கங்காணிகள் வழியாகக் கப்பல் கப்பலாக வந்தவர் எத்தனை பேர்! 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பலில் தகரப்பெட்டியோடு ஏறியவர் எத்தனை பேர்! அவர்களுள் தன் பாட்டியின் இளமை முகத்தைக் காட்டத்தக்க பேரன் நூற்றுக்கு எத்தனை பேர் இருப்பர்? உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து நீங்களே விடை கூறுங்கள்.

சயாம் மரண இரயில் பாதையை மறப்போமா? 1942-லும் 1943-லும் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளம் போட்ட அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரள் திரளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இன்று காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுப் படைவீரர் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாய் உறங்குகின்றனர்; கல்லுதோறும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். அதே பாதையில் மாண்ட நம்மவர்க்கு அவ்வாறு கல்லும் இல்லை, பெயரும் இல்லை, முகமும் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாயின் தாய் மகன் பெயரைத் தடவி அழ ஒரு கல் இருந்தது. தோட்டத்துத் தாய் எதைத் தடவி அழுதாள்?

பின்னர் 1948-இல் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 12 வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டுமென்று சட்டம் பிறந்தது. தோட்டத்து மக்கள் பலர் தம் வாழ்நாளில் முதன்முதல் கருவியின் முன் உட்கார்ந்தது அப்போதுதான். உற்றார் பார்த்து மகிழ எடுத்த படமன்று அது. போலீசார் பார்த்துச் சோதிக்க எடுத்த படம். அரசாங்கத்துக்கு நம் முகம் தேவைப்பட்டது, தெளிவாய் எடுத்துக்கொண்டது. நமக்கு நம் முகம் தேவையில்லையா? சோதிப்பவனுக்குத் துலக்கமாய்க் காட்டிய முகத்தைப் பேரப்பிள்ளைக்கு இருட்டடித்துக் காட்டுவது என்ன நியாயம்?

இதனால் நேரும் தீங்கை வெறும் வாதமாகக் கூறி விடோம். நாம் நேரில் அறிந்த ஒன்றை எடுத்துரைப்போம். ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய மூதாட்டி ஒருவர் இருந்தார். அக்குடும்பத்தார் அவரைப் பொந்தியான் கரைக்கு அழைத்துச் சென்று, வளர்ந்த பேரனின் கருவியால் முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தனர். எல்லாம் அந்திவானத்துப் படங்கள். சில திங்கள் சென்று அவர் காலமானார். பிள்ளைகள் சீர்திருத்த எண்ணமுடையவர்கள். புரோகிதரும் பிண்டமும் வேண்டா. உற்றாரைக் கூட்டிப் படத்திறப்பு நடத்தி, அம்மாவின் உழைப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசுவோம் என்று முடிவு செய்தனர். நல்ல முடிவு. ஆயின், திறப்பதற்குப் படம் எங்கே?

முப்பது படங்களையும் புரட்டினர். முப்பதிலும் கொண்டையும் கூன்முதுகும் சேலைத்தலைப்பும் தெரிந்தன, அம்மா தெரியவில்லை. கடைசியில் மூத்த மகன் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்தார். பழைய கோப்பைத் தேடி எடுத்தோம். விண்ணப்பத்தாளில் கட்டைவிரல் அளவில் ஒரு படம் இருந்தது. செருகியிருந்த கம்பியின் துரு நெற்றியில் கோடாய் இறங்கியிருந்தது. அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டனர். திரை விலகியபோது ஒரு பேத்தி, “பாட்டி சிரிக்கவே இல்லையே!” என்றாள். “அன்று கடலில் அலை காலைத் தொட்டபோது விழுந்து விழுந்து சிரித்தாரே, அந்தப் படம் எங்கே?” என்று கேட்டாள். அச்சிரிப்பு நிகழ்ந்தது; கருவியும் அங்கே இருந்தது; பிடிக்க ஆளும் இருந்தான். பிடித்ததெல்லாம் வானத்தை. இறுதியில் அம்மூதாட்டியின் கழுத்தில் விழவேண்டிய மாலை, அலுவலகத்துக்கு அஞ்சி விறைத்திருந்த முகத்துக்கு விழுந்தது. அக்கோப்பும் செல்லரித்திருந்தால் நிழலுக்கன்றோ மாலையிட்டிருப்பர்?

இனி மறுப்போர் கூற்றுகளை எடுத்துக்கொள்வோம்.

“இது கலை, கலைக்கு முகம் வேண்டுவதில்லை” என்பது முதற்கூற்று. கலை என்றதும் நாம் வாய்பொத்தி நிற்போம் என்று கருதுகின்றனர் போலும். தமிழனுக்குக் கடற்கரையும் மாலையும் இன்று அறிமுகமான பொருள்களல்ல. நெய்தல் நிலத்துக்கு எற்பாடு என்னும் பொழுதை வகுத்தது தொல்காப்பியம். எல் என்பது ஞாயிறு. பாடு என்பது அதன் வீழ்ச்சி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள பறவையும் மரமும் கருப்பொருள். மனிதன் நெஞ்சில் எழும் இரங்கல் உரிப்பொருள். மூன்றிலும் சிறந்தது உரிப்பொருளே என்பது நம் இலக்கண மரபு. நிழலுருப் படத்தில் முதற்பொருள் இருக்கிறது, கருப்பொருள் இருக்கிறது. உரிப்பொருள் வந்து அமர வேண்டிய முகமோ மையாய்க் கிடக்கிறது. இரங்குகிறாளா, மகிழ்கிறாளா, பசித்திருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. நம் முன்னோர் கணக்குப்படி இது பாட்டாகாது. பாட்டின் பாய்விரிப்பே ஆகும்.

“அகப்பாட்டில் மட்டும் தலைவன் தலைவியர்க்குப் பெயர் சொல்லுகிறார்களா? அடையாளம் மறைத்தல் அங்கும் உண்டே!” என்று புலமை காட்டுவோர்க்கும் விடை உண்டு. அகப்பாட்டில் பெயர் மறைகிறது, குரல் மறைவதில்லை. பாட்டு முழுதும் அவள் பேச்சே. நிழலுருவிலோ பெயரும் இல்லை, பேச்சும் இல்லை, பேசும் வாயும் இல்லை. அதுவன்றி, பாட்டெழுதிய புலவர் பெயர் மறைந்தபோது நம் முன்னோர் செய்தது யாது? அவர் பாட்டிலிருந்த தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் ஓரேருழவனார் என்றும் பெயர் சூட்டினர். பெயர் தொலைந்த மனிதனை அப்படியே விட அவர் மனம் ஒப்பவில்லை. அம்மரபில் வந்த நாம், பெயரும் முகமும் உள்ள மனிதரைப் பெயரற்ற உருவாக்குகிறோம்.

“நிழலில் சாதியில்லை, நிறமில்லை, எல்லாரும் சமம்” என்பது இரண்டாங்கூற்று. கேட்கச் செவிக்கு இனிது. ஆயின், கண்ணைக் குத்திவிட்டு, இனி எவர்க்கும் ஏற்றத்தாழ்வு தெரியாது என்று கூறும் வைத்தியம் இது. நமக்கு வேண்டிய சமத்துவம் இருட்டில் கிடைப்பதன்று. கரிய முகம் பட்டப்பகலில், பளிச்சென்று, நிமிர்ந்து நின்று, கண்டோரால் அழகென்று ஒப்பப்படுவதே சமத்துவம். ஒளிந்துகொண்டு பெறும் மதிப்பு மதிப்பன்று.

“பெண்டிர் முகத்தையும் குழந்தைகள் முகத்தையும் ஊரறியப் பரப்பாமல் இருக்க இது உதவுமே” என்பது மூன்றாங்கூற்று. இதில் நியாயம் உண்டு. இணையத்தில் முகங்களைத் திருடித் தீங்கு செய்வோர் மலிந்த காலம் இது. ஊருக்குக் காட்ட நிழலை வைத்துக்கொள்ளுங்கள், நாம் தடுக்கவில்லை. வீட்டுக்கென்று முகத்தை எடுத்தீர்களா என்பதே நம் கேள்வி. வெளியே பூட்டுப் போடுவது காவல். உள்ளே பொருளே இல்லாமல் பூட்டுவது பேதைமை.

கலையார்வத்தால் மெய்யாகவே நிழலுரு எடுப்போர்க்கும் ஒரு சொல். வலை வீசும் மீனவனின் கை வளைவும், பந்தடிக்கும் பிள்ளைகளின் துள்ளலும் முகமின்றியும் பொருள் தரும்; அங்கே அசைவே பேசுகிறது. அவற்றை எடுங்கள், நாமும் கண்டு மகிழ்வோம். வரிசையில் அசையாமல் நின்று, “பார், என்னை நினைவில் வை” என்று கேட்கும் தாய் தந்தையரை மட்டும் அவ்வாறு எடுக்காதீர்கள்.

குறை கூறி நிறுத்துதல் எளிது, வழியும் கூறுவோம். ஜொகூர் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இங்கே ஞாயிறு ஏறக்குறைய நேர்க்கீழாக இறங்குகிறது. மாலை 7 மணியை ஒட்டி அது மறைந்தபின் துலக்கமான அந்தி வெளிச்சம் 20 நிமிடத்திற்குச் சற்று மேல் தான் நிற்கும். ஆகையால் அரைமணி முன்னதாகவே கரைக்குப் போய்ச் சேருங்கள். முதலில் பெரியோரை ஞாயிற்றை நோக்கி நிறுத்துங்கள். அவ்வேளை ஒளி கண்ணைக் கூசச் செய்யாது. கரிய முகத்தில் அது பொன் பூசும். எந்த மாவும் அந்த நிறத்தைத் தராது. அதன்பின் வானமும் வேண்டுமெனில் ஆளைத் திருப்பி நிறுத்தி, கைப்பேசித் திரையில் முகத்தின்மேல் விரலை வையுங்கள். கருவி முகத்துக்கு ஏற்ப ஒளியைத் திருத்திக்கொள்ளும். வானம் சற்று வெளுத்தால் வெளுக்கட்டும். அது நாளையும் சிவக்கும். விளக்கு மின்னுதலையும் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையெனில், ஒருவர் வெள்ளை வேட்டியையோ துண்டையோ எதிரே விரித்துப் பிடித்தால், அதில் பட்ட வானொளி திரும்பி முகத்தில் விழும். இச்சிறு வித்தைக்குக் காசு செலவில்லை.

எடுத்த படத்தோடு பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். தாளில் எடுத்திருந்தால் பின்புறத்தில் பென்சிலால் எழுதலாம். கைப்பேசியில் இருந்தால் கோப்பின் பெயராக இடலாம். லாம்பர்ட் செய்யாமல் விட்ட வேலையை நாம் செய்வோம். செக்ரோல் புத்தகம் சேர்க்காமல் விட்ட முகத்தையும் பெயரோடு சேர்ப்போம்.

மணவீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். “இந்த நிறத்துக்கு இதுதான் எடுபடும்” என்று எவரேனும் சொன்னால், “முகத்தை எடுக்கத் தெரிந்தவரை அழைத்துக்கொள்கிறோம்; நீர் போய் வாரும்” என்று விடைகொடுங்கள். இரண்டு மூன்று வீடுகளில் இவ்விடை கிடைத்தால் தொழிலாளர் தாமே கற்றுக்கொள்வர். மணமகளே, அம்மா! உன்னை மறைத்து எடுத்த படத்தை வாங்காதே. உன் பாட்டி வெயிலில் நின்று பெற்ற நிறம் அது என்று எண்ணாவிடினும், உன் நிறம் உனது என்றாவது எண்ணு. நாளை உன் பேத்தி படத்தைக் கையில் எடுத்து, தன் கண் யாருடையது, தன் சிரிப்பு யாருடையது என்று தேடுவாள். அவள் தேடும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் இடிந்தன, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தில் நெடுஞ்சாலையும் வந்தன. அங்கே வாழ்ந்த தலைமுறையின் கடைசி முகங்கள் இன்னும் நம்மோடு இருக்கின்றன. வானம் எங்கும் ஓடிவிடாது. ஒவ்வொரு மாலையும் வந்து நிற்கும். முகம் அப்படியன்று. அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போகும்போது, தோழர்களே, கிழவியை மேற்கு நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். அவர் சிரிக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு எடுங்கள்.